அழப் பழகும் வகுப்பு

லின்ட்சே
14 நவம்பர் 1993

பிள்ளையார் துணை

அன்பான தங்கச்சி நாகேஸ்வரி அறிவது,

நான் நல்ல சுகம். நீயும் மச்சானும் மகள் நிசாந்தினியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே பனி தொடங்கிவிட்டது. காளான் பண்ணை முதலாளி தன்னுடைய நாய்க்குக் கம்பளிச் சட்டை போட்டிருக்கிறார். எனக்குத் தந்த ஜக்கெற்றைவிட அது வடிவு. மாற்றித் தருவாரா என்று நாயிடம் கேட்டுப் பார்த்தேன், குலைக்கிறது.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். இங்கே போன் குசினிச் சுவரில் தொங்குகிறது. நான் அதை எடுத்தால் போதும், அறைக்கூட்டாளி அல்பேட்டும் மற்றவர்களும் சோற்றுக்கோப்பையோடு வந்து நின்றுவிடுவார்கள், மாமாங்கம் என்ன பகிடி விடப்போகிறான் என்று. இது பகிடி இல்லாத விசயம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் எழுதுகிறேன். பிழைகளை நீயே திருத்தி வாசித்துக்கொள்.

போன மாதம் ரொறன்ரோவில் என் அகதிக் கேஸ் நடந்ததும், நேரம் போதாமல் மிச்சத்தை ஏப்ரலுக்குத் தள்ளிவைத்ததும் உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. வெளியே வந்ததும் லோயர் தன் பாட்டில் போய்விட்டார். அவருடைய கந்தோரில் வேலை செய்கிற நம்முடைய கிறிஸ்துநாயகம் என்னை லிப்ற் வாசலில் பிடித்தார்.

"அண்ணை, நீங்கள் சொன்னதெல்லாம் சரி. ஆனா சொல்லேக்கை ஏன் சிரிச்சனீங்கள்?"

"நான் எங்க சிரிச்சன்?"

"முழுக்கச் சிரிச்சுக்கொண்டுதான் சொன்னனீங்கள். கேஸ் கேக்கிற அம்மா எழுதுறதை நிப்பாட்டிப்போட்டு உங்கடை முகத்தைத்தான் பாத்தவ. உப்பிடிச் சிரிச்சா ஆர் நம்புவினம்? ஏப்ரலிலை ஒரு சொட்டுக் கண்ணீராவது வரவேணும் அண்ணை."

கேஸ் சரிவந்தால் என் பெண்சாதி புனிதத்தை மட்டக்களப்பிலிருந்து கூப்பிடலாம். சரிவராவிட்டால் நான் திரும்பிப் போகவேண்டும். இடையில் நிற்க ஒரு படிகூட இல்லை.

ஆகவே நான் நடிக்கப் பழக வேண்டும். சிரிக்காதே. ரொறன்ரோவில் நீந்த வகுப்பு, பாட வகுப்பு, சும்மா மூச்சு விடுவதற்குக்கூட வகுப்பு இருக்கிறதாம். அழுகிற வகுப்பு இருக்காதா? எனக்கு ஞாயிறு மட்டும் ஓய்வு. விசாரித்து எழுது.

உனக்கு வாய்த்த ஒரே அண்ணன்,
மாமாங்கம்

*

அஜின்கோர்ட்
28 நவம்பர் 1993

அன்புள்ள அண்ணனுக்கு,

பிள்ளையார் காப்பார். இங்கே மூவரும் சுகம், நிசாந்தினிக்கு மட்டும் தடிமனும் இருமலும். உங்கள் கால் நோவு எப்படி? ஜக்கெற் நான் வாங்கி வைத்திருக்கிறேன், நாயைத் தொந்தரவு செய்யவேண்டாம்.

உங்கள் கடிதத்தை வாசித்துச் சிரித்தேன். பிறகு சிரித்ததற்காக என்னையே ஏசினேன். லவனை ஆமிக்காரர் வீட்டுக்குள்ளிருந்து கொண்டுபோனதைச் சொல்லும்போதா அண்ணன் சிரித்தீர்கள்? பெற்ற பிள்ளையைப் பற்றி மூன்று வருசமாக ஒரு செய்தியும் இல்லாத தகப்பன் சிரித்தால் அந்த அம்மா என்ன நினைப்பா? நான் உங்கள் தங்கச்சி, எனக்கு உங்கள் முகம் தெரியும். அவவுக்குத் தெரியுமா?

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கு அழத் தெரியாது என்று யார் சொன்னது? அப்பாவின் செத்தவீட்டில் நீங்கள் அழுத அழுகையில் பறையடிக்க வந்தவர்கள்கூட அடியை மறந்து நின்றார்கள். அது எங்கே போனது?

சரி, வகுப்பு. தமிழ்க் கடைக் கண்ணாடியில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். அமிர்தநாதர் என்று ஒருவர், ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூட மண்டபத்தில் நாடகம் பழக்குகிறார். போன் பண்ணினேன்.

"ஆருக்கு, பிள்ளைக்கோ?"

"இல்லை, அண்ணனுக்கு. நாப்பத்தொன்பது வயசு. அழப் பழக வேணுமாம்."

"அழுகைதானே தங்கச்சி, ஒரு கிழமையிலை பழக்கிவிடலாம். கூட்டிக்கொண்டு வாரும்" என்றார்.

சனி பின்னேர பஸ்ஸில் வாருங்கள். இரவு இங்கே தங்கலாம். மீன் குழம்பும் பிட்டும் வைக்கிறேன்.

அன்புத் தங்கை,
நாகேஸ்வரி

*

லின்ட்சே
19 டிசம்பர் 1993

பிள்ளையார் துணை

தங்கச்சி அறிவது,

நான் சுகம். நீ கட்டித் தந்த பிட்டு பஸ்ஸுக்குள்ளேயே முடிந்துவிட்டது. மீன் குழம்பு வாசத்துக்குப் பக்கத்துச் சீற்றில் இருந்த வெள்ளைக்காரி எழும்பி முன்னுக்குப் போய்விட்டா. இரண்டு சீற்றிலும் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வந்தேன்.

நீ மண்டபத்தில் என்னை விட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிட்டாய். நடந்ததைக் கேள். அமிர்தநாதர் நல்ல மனுசன். குரல் மட்டும் கோயில் லவுட்ஸ்பீக்கர். என்னை நடுவில் நிறுத்தினார்.

"மூச்சைப் பிடியும். தோளைக் குலுக்கும். வலக்கையாலை நெத்தியைப் பொத்தும். இப்ப, ஐயோ மகனே எண்டு கத்தும்!"

மூச்சைப் பிடித்தேன், தோளைக் குலுக்கினேன், நெற்றியைப் பொத்தினேன். அந்தச் சொல்லை விட்டுவிட்டு "ஐயோ" என்று மட்டும் கத்தினேன். மூலையில் ராசா வேசத்தில் நின்ற ஒருவர் சிரிக்கத் தொடங்கினார். பிறகு மந்திரி. பிறகு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அன்ரிகள். கடைசியில் அமிர்தநாதரே கதிரையில் இருந்துவிட்டார்.

"மாமாங்கம், உமக்கு அழுகை சரிவராது. பொங்கல் நாடகத்திலை சமையல்காரன் வேசம் தாறன். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்."

அழப் போனவனுக்குக் கரண்டி கொடுத்து அனுப்பினார்கள்.

திரும்பி வரும்போது பனியில் பஸ் ஓடவில்லை, திங்கள் வேலைக்குப் பிந்திவிட்டேன். முதலாளி மணிக்கூட்டைக் காட்டினார். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஏலாது. இந்தக் காட்டுக்குள் வகுப்பு எங்கே தேடுவது? காளானைப் பார்த்து அழச் சொன்னால் காளான்தான் தலையாட்டும். காலும் மனதும் ஓரிடத்தில் நிற்குதில்லை. காளான் வெட்டுகிற கத்தியை வைத்துவிட்டு இருட்டு ஷெட்டுக்குள் மேலும் கீழும் நடக்கிறேன். நெற்றியில் கட்டின லைற்றோடு நடக்கிற என்னைப் பொடியன்கள் பார்க்கிறார்கள், கலங்கரை விளக்கம் நடந்து திரிகிறது என்று.

உன் சாமி அறையில் கோயில் அர்ச்சனைச் சீட்டு ஒன்று கிடந்தது. லவன், பூரட்டாதி என்று எழுதியிருந்தது. கண்டேன். நல்லது.

அண்ணன்,
மாமாங்கம்

*

அஜின்கோர்ட்
9 ஜனவரி 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். குளிர் எலும்புக்குள் போகிறது. காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கள்.

மார்க்கம் நகரத்தில் ஒரு நடிப்பு வகுப்பு இருக்கிறது, கிழமை நாளில் மட்டும்தானாம். கார் இல்லாமல் அங்கே போகமுடியாது. மச்சான் ஒரு வழி சொன்னார். உங்கள் ஊரிலும் ஒரு லைப்ரரி இருக்கும், வாசலில் பலகை இருக்கும், அதில் ஊர்ப் புதினமெல்லாம் குத்தியிருப்பார்களாம். அல்பேட்டைக் கூட்டிக்கொண்டு போய் வாசிக்கச் சொல்லுங்கள்.

அர்ச்சனைச் சீட்டைப் பற்றி. ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்கும்போது நான் உங்கள் எல்லோருடைய பெயரையும் சொல்வேன். உயிரோடு இருப்பவர்களுக்குத்தானே அர்ச்சனை. அவன் பெயரை விட எனக்கு மனம் வரவில்லை. கோபமா?

பொங்கல் வருகிறதென்று புனிதம் மச்சாளுக்குப் போன் பண்ணினேன். கொமியுனிகேசன் கடையில் போனுக்குக் காத்து நின்று பேசினா. சுகமாம். நான் கேஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவவும் கேட்கவில்லை. ஒன்றுதான் கேட்டா.

"அவர் சிரிச்சிக்கிட்டு இரிக்காரா புள்ள?"

"ஓம் மச்சாள்."

"அப்ப சரி."

லைன் அறுந்துவிட்டது. இதென்ன கேள்வி அண்ணன்? சாப்பிட்டாரா என்று கேட்பார்கள், உடம்பு எப்படி என்று கேட்பார்கள். உங்கள் இருவருக்குள்ளும் என்ன இருக்கிறது? அப்பாவின் செத்தவீட்டைப் பற்றிக் கேட்டதற்கும் நீங்கள் பதில் எழுதவில்லை.

அன்புத் தங்கை,
நாகேஸ்வரி

*

லின்ட்சே
6 பெப்ரவரி 1994

பிள்ளையார் துணை

தங்கச்சி அறிவது,

நான் சுகம், கண் மட்டும் கொஞ்சம் சிவப்பு. காரணம் கீழே வருகிறது. மச்சானுடைய மூளைக்கு என் சார்பில் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடு.

லைப்ரரிப் பலகையில், காணாமல்போன பூனைக்கும் வாடகைக்கு விடும் டிராக்டருக்கும் நடுவில், அல்பேட் கண்டுபிடித்தான். தேவாலய மண்டபத்தில் செவ்வாய்க்கிழமை பின்னேரம் நடிப்பு வகுப்பு, யாரும் வரலாம். முழு ரொறன்ரோவும் தேடிக் கிடைக்காதது பண்ணையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கிறது.

பழக்குகிறவ மிஸிஸ் டொரத்தி. ஓய்வு பெற்ற ரீச்சர். தலைமுடி நம்முடைய முதல்தரக் காளான் போலே வெள்ளையாய், உருண்டையாய். பறிக்கக் கை போனது, அடக்கிக்கொண்டேன். மற்ற மாணவர்கள் ஒரு தபால்காரர், ஒரு பல் டொக்டர், இரண்டு தாய்மார். எனக்கு இங்கிலீஸ் வராது, அவவுக்கு அது பிரச்சினையே இல்லை, எல்லாம் கையாலேயே பேசுகிறா. நீ ஏன் வந்தாய் என்று கையை விரித்தா. நான் கண்ணிலிருந்து தாடை வரைக்கும் விரலால் கோடு இழுத்துக் காட்டினேன். அவ யோசித்துத் தலையாட்டினா.

இரண்டாம் கிழமை நான் ஒரு கெட்டித்தனம் செய்தேன். தலையிடிக்குப் பூசுகிற பாமைக் கண்ணுக்குக் கீழே தடவிக்கொண்டு போனேன். மண்டபத்துச் சூட்டில் அது உருகி உள்ளே இறங்கிவிட்டது. கண்ணீர் வந்தது தங்கச்சி, ஆறாய் வந்தது, ஆனால் நான் நின்ற இடத்தில் நிற்காமல் மேசை கதிரையெல்லாம் இடித்துக்கொண்டு ஓடினேன். பல் டொக்டர்தான் குழாயடியில் பிடித்து முகம் கழுவினார். மிஸிஸ் டொரத்தி பாம் டப்பியை என் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஸிப்பை இழுத்துவிட்டா. அதுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

புனிதம் கேட்டதற்கு நீ சரியான பதில்தான் சொல்லியிருக்கிறாய். இனியும் கேட்டால் அதையே சொல்லு.

அர்ச்சனைக்கு ஏன் கோபம்? பூரட்டாதியை விடாதே.

அண்ணன்,
மாமாங்கம்

*

அஜின்கோர்ட்
15 பெப்ரவரி 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். நீங்களும் சுகம்தானே. கண்ணைத் தேய்க்காதீர்கள்.

கிறிஸ்துநாயகம் போன் பண்ணினார். லவனுடைய படமும் பிறப்புச் சான்றிதழும் வேண்டுமாம். கொடுத்தேன். பிறகு சொல்கிறார், "அக்கா, பொடியன் செத்துப்போனான் எண்டே போடட்டோ? கேஸுக்குப் பெலமாயிருக்கும்." எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன சொன்னேனோ தெரியாது. நிசாந்தினி மேல்மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள், "அம்மா, ஆர் யூ ஓகே?" என்று. "செய்தி இல்லை எண்டு போடுங்க, அதுதான் உண்மை" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அவர் நல்லதுக்குத்தான் கேட்டார், பாவம்.

அண்ணன், பகிடியாய் எழுதுகிறீர்கள், நானும் சிரிக்கிறேன். சிரித்து முடிந்ததும் நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை என்று தெரிகிறது. நான் கேட்டது இரண்டு கேள்வி. ஏப்ரல் கிட்ட வருகிறது.

நாகேஸ்வரி

*

லின்ட்சே
20 மார்ச் 1994

பிள்ளையார் துணை

தங்கச்சி அறிவது,

நான் சுகம். உன் கடிதம் வந்து ஒரு மாதம் சட்டைப்பையிலேயே கிடந்தது. காளான் பசளை மணம் அதிலும் ஏறிவிட்டது.

வகுப்பில் ஒரு பயிற்சி தந்தார்கள். இல்லாத ஒரு பொருளைக் கையில் பிடிக்க வேண்டும், பார்க்கிறவர்களுக்கு அது தெரிய வேண்டும். தபால்காரர் தேத்தண்ணிக் கோப்பை பிடித்தார். ஒரு தாய் பூனையைத் தடவினா. இல்லாததைப் பிடித்துக்கொண்டிருக்கிறதில் நான் கெட்டிக்காரன், உனக்குத் தெரியும். என் முறை வந்தது. யோசிக்கவில்லை, கை தானாய்க் குனிந்து ஒரு சைக்கிளின் பின் கரியரைப் பிடித்தது. கூடவே ஓடினேன். மண்டபத்தைச் சுற்றி ஒரு முறை, இரண்டு முறை. லவனுக்குப் பதினெட்டு வயசிலும் சைக்கிள் நேராய் ஓடத் தெரியாதே, ஞாபகம் இருக்கிறதா? விட்டால் விழுந்துவிடுவான் என்று விடாமல் ஓடினேன்.

நின்று பார்த்தால் ஒருவரும் சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் சனத்துக்கு முன்னால் நின்று ஒருவரும் சிரிக்காதது அதுதான் முதல் தரம். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. ஜக்கெற்றையும் விட்டுவிட்டு வந்துவிட்டேன். பிறகு இரண்டு செவ்வாய் போய்விட்டது, நான் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். அவனைக் கொண்டுபோன அன்று பக்கத்து வீட்டுப் பெண்கள் தலைவிரித்துக்கொண்டு வந்துவிட்டார்கள், மாரடித்து அழ. புனிதம் கிணற்றடியில் முகத்தைக் கழுவிவிட்டு வந்து சொன்னாள்:

"இந்த ஊட்டுல ஒருத்தரும் அழப்படாது. அழுதா அவன நாமளே முடிச்ச மாதிரி. அவன் வருவான். வந்து பாக்கக்குள்ள நாம சிரிச்ச முகமா இரிக்கணும்."

என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். நான் வாசல் படலையில் போய் நின்று, வந்த பெண்களையெல்லாம் பகிடி விட்டுத் திருப்பி அனுப்பினேன். பைத்தியம் என்று ஏசிக்கொண்டு போனார்கள். அன்றையிலிருந்து அதுதான் என் வேலை. படலையில் நிற்கிறேன்.

இப்போது அழுதால்தான் புனிதத்தைக் கூப்பிடலாம். அழுதுதான் கூப்பிட்டேன் என்று எந்த முகத்தோடு அவளுக்குச் சொல்வது? அதுதான் நடிப்புத் தேடினேன். நடித்துக் காட்டினால் அது அழுகை இல்லைத்தானே. சத்தியம் அப்படியே இருக்கும், கண்ணீரும் வரும். மூன்றாம் வகுப்பு மூளைக்கு இது பெரிய கண்டுபிடிப்பு.

ஆனால் மிஸிஸ் டொரத்தி ஏமாற்று வேலை பழக்குகிறவ இல்லை. அதுதான் சிக்கல்.

அண்ணன்,
மாமாங்கம்

*

அஜின்கோர்ட்
28 மார்ச் 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம்.

வாசித்தேன். நீல நிறச் சேட் அயன் பண்ணி வைத்திருக்கிறேன். கேஸ் அன்று லீவு எடுத்துவிட்டேன், கதவுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே உங்களுக்கு எது வருகிறதோ அது வரட்டும். மச்சாளுக்கு நான் பதில் சொல்கிறேன்.

என் வீட்டிலும் மூன்று வருசமாக ஒருவரும் அழவில்லை. யாரும் சொல்லித் தரவில்லை.

தங்கை,
நாகேஸ்வரி

*

லின்ட்சே
24 ஏப்ரல் 1994

பிள்ளையார் துணை

தங்கச்சி அறிவது,

சுகமாய் வந்து சேர்ந்தேன். அன்றைக்கு வெளியே வந்ததும் நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் கோப்பி மெசினில் கை சிக்கிய கதையைச் சொல்லி உன்னைச் சிரிக்க வைத்துவிட்டு பஸ் ஏறினேன். உள்ளே நடந்தது இதுதான்.

மொழிபெயர்க்க ஒரு பிள்ளை வந்திருந்தாள், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நிசாந்தினியைவிடக் கொஞ்சம் மூப்பு. லோயர் கேட்டார், சொன்னேன். தோளைக் குலுக்கப் பார்த்தேன். அமிர்தநாதரின் ராசாவும் மந்திரியும் நினைவுக்கு வந்து எல்லாம் கெட்டது. கேஸ் கேட்கிற அம்மா பேனையை நிமிர்த்திக் கேட்டா, இப்போதும் நீங்கள் சிரிக்கிறீர்களே, ஏன்? அதட்டிக் கேட்கவில்லை. தெரியவேண்டும் என்று கேட்டா.

எழும்பி நின்று காட்டலாமா என்றேன். ஓம் என்றா.

மேசைக்கும் கதவுக்கும் நடுவில் வந்து நின்றேன். செவ்வாய்க்கிழமை போலே. இல்லாத தட்டத்தைக் கையில் பிடித்தேன், அதில் மூன்று கிளாஸ் தேத்தண்ணி. வந்தவர்கள் மூன்று பேர், ஒருத்தனுக்கு லவனுடைய வயசுதான். "அம்மா, இப்பிடித்தான் நிண்டன்" என்றேன். "சிரிச்சன். அவங்களும் சிரிச்சா பொடியன விட்டிருவாங்க எண்டு நினைச்சன். எனக்குத் தெரிஞ்ச அரைகுறைச் சிங்களத்தில பகிடி விட்டன். 'ஐயா, இவனுக்கு ஒரு சைக்கிள் நேரா ஓடத் தெரியா, இவனக் கொண்டுபோய் என்ன செய்யப் போறீங்க?' அவங்க சிரிச்சாங்க. லவனும் சிரிச்சான், வெக்கத்தில தலையக் குனிஞ்சிக்கிட்டு. தேத்தண்ணியக் குடிச்சாங்க. கிளாஸத் தட்டத்தில வெச்சாங்க. சிரிச்சிக்கிட்டே அவன்ட தோளில கையப் போட்டுக் கூட்டிப் போனாங்க. நான் தட்டத்தோட சிரிச்சிக்கிட்டே நிண்டன். அந்தச் சிரிப்புத்தான் அம்மா இது. இறக்கி வைக்க எனக்கு இடம் கிடைக்கல்ல."

அந்தப் பிள்ளை மொழிபெயர்க்கவில்லை. வாயைத் திறக்கிறாள், மூடுகிறாள். கன்னமெல்லாம் தண்ணீர். எனக்குப் பாவமாய்ப் போய்விட்டது.

"என்ன புள்ள, அழவேண்டியவன் நான். என்ட வேலைய நீ செஞ்சா எப்பிடி?"

அவள் அழுதுகொண்டே சிரித்து, கண்ணைத் துடைத்து, சொல்லுக்குச் சொல் எல்லாவற்றையும் சொன்னாள், கடைசியில் நான் அவளுக்குச் சொன்னதையும் சேர்த்து. அந்த அம்மா பேனையை மூடி வைத்தா. கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தா. நான் அப்போதும் தட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவ சொன்னா, இனிக் கேட்க ஒன்றும் இல்லை, நீங்கள் அதைக் கீழே வைக்கலாம்.

வைத்தேன்.

நான் அழவில்லை நாகேசு. நடிக்கவும் இல்லை. கேஸ் என்ன ஆகுமோ தெரியாது.

அண்ணன்,
மாமாங்கம்

*

அஜின்கோர்ட்
14 ஜூன் 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

பிள்ளையார் கண் திறந்துவிட்டார். உங்கள் கேஸ் சரிவந்துவிட்டது! கிறிஸ்துநாயகம் நேரில் வந்து சொல்லிவிட்டு, சோறும் சாப்பிட்டுவிட்டுப் போனார். புனிதம் மச்சாளுக்கான அலுவலைத் தொடங்கலாமாம், ஒரு வருசம் போகும் என்றார்.

உடனே குசினிப் போனுக்கு அடித்தேன். அல்பேட் எடுத்துக் கூக்குரல் போட்டது அஜின்கோர்ட் வரைக்கும் போனில்லாமலே கேட்டிருக்கும். ஆனால் நீங்கள் வரவில்லை. ஷெட்டுக்குள் நிற்கிறார் என்றான். பின்னேரம் திரும்பவும் அடித்தேன். "மாமாங்கண்ணை இப்ப கதைக்க மாட்டாராம் அக்கா. அவருக்குக் கொஞ்ச நாளாக் கண் சரியில்லை. பசளை ஒத்துக்கொள்ளேல்லையெண்டு சொல்லுறார்" என்றான்.

மூன்று வருசம் ஒத்துக்கொண்ட பசளை இப்போது என்ன செய்தது?

மச்சாளுக்குச் சொன்னேன். அவ வழக்கமான கேள்வியைத்தான் கேட்டா. வழக்கமான பதிலைச் சொன்னேன். பொய்யா அண்ணன்?

அன்புத் தங்கை,
நாகேஸ்வரி

*

லின்ட்சே
3 ஜூலை 1994

பிள்ளையார் துணை

அன்பான தங்கச்சி அறிவது,

உடம்பு சுகம். நீயும் மச்சானும் நிசாந்தினியும் நீடூழி சுகமாய் இருக்க வேண்டும். கிறிஸ்துநாயகத்துக்கு இன்னொரு முறை சோறு போடு, நல்ல மனுசன்.

நீ சொன்னது பொய்தான். ஏப்ரலில் உன்னைச் சிரிக்க வைத்துவிட்டு பஸ் ஏறினேன் அல்லவா, மார்க்கம் தாண்டும்போது தொடங்கியது. பாம் இல்லை, வெங்காயம் இல்லை. லின்ட்சேயில் இறங்கும்வரை நிற்கவில்லை. டிரைவர் முகம் துடைக்க ரிசு தந்தார், முழுப் பெட்டியாகவே தந்தார். அன்றையிலிருந்து நினைத்த நேரம் வருகிறது. ஷெட்டுக்குள் இருட்டு, அதனால் வசதி. நெற்றி லைற்றைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் யாருக்கும் என் முகம் தெரியாது. காளானுக்கு ஈரம் நல்லதாம், விளைச்சல் கூட. முதலாளிக்குச் சந்தோசம்.

எல்லாம் அந்தத் தட்டத்தைக் கீழே வைத்ததால் வந்தது. அதை வைக்கச் சொன்ன அம்மாவில் பிழையில்லை, பிடித்திருந்த எனக்குத்தான் கை உளைந்துபோயிருந்தது.

லவன் வருவான் என்று புனிதம் இருக்கிறாள். வருவான் என்றுதான் நானும் சொல்வேன். நீ அர்ச்சனையை நிப்பாட்டாதே. என் அழுகை அவன் முடிந்தான் என்று அழுகிறது இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் புனிதத்துக்கு அதை விளங்கப்படுத்த என்னால் ஏலாது. எயார்போர்ட்டில் கதவு திறந்து அவள் வரும்போது முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பாள்.

அதனால் போன செவ்வாய் திரும்பவும் தேவாலய மண்டபத்துக்குப் போனேன். மிஸிஸ் டொரத்தி நான் விட்டுவிட்டு வந்த ஜக்கெற்றைக் கதிரையில் மடித்து வைத்திருந்தா, இத்தனை கிழமையும். என் கண்ணைப் பார்த்தவுடனே கைப்பையைத் திறந்து பாம் டப்பி உள்ளே இருக்கிறதா என்று தேடினா. இருந்தது. பிறகு இம்முறை என்ன வேண்டும் என்று கையை விரித்தா.

நான் இரண்டு விரலை வாயின் இரண்டு மூலையிலும் வைத்து, மேலே தள்ளிக் காட்டினேன்.

அவ சிரிக்கவில்லை. கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டு இருந்தா, முதல் பாடம் போலே.

புனிதம் வர ஒரு வருசம் போகும் என்கிறார்கள். எனக்கும் பழக அவ்வளவு காலம் வேண்டும்.

உன் அண்ணன்,
மாமாங்கம்